தரகரை நம்பிய நிரல்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார். "முன்னாள் மாணவர்கள் எல்லாரும் விடுதிக் கதையையே எழுதுறாங்க அக்கா. நீங்க கணினி படிச்சவங்க. அதப் பத்தி எழுதுங்களேன்" என்றார். அவர் சொன்னபடியே என் துறையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் கட்டுரையின் பிற்பகுதியில் என் பாட்டியும் வருவார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. பொறுமையாகப் படித்து வாருங்கள்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஸ்கூடாய் வளாகத்தில் கணினி அறிவியல் இறுதியாண்டில் இருந்தேன். பட்டம் பெற வேண்டுமானால் ஒரு திட்டப்பணி செய்து, மேற்பார்வையாளர் முன்னிலையில் இயக்கிக் காட்ட வேண்டும். நான் எடுத்துக்கொண்டது நூலகத் தேடல். நூற்பட்டியல் ஒரு கணினியில் இருக்கும். மாணவர் வேறொரு கணினியில் அமர்ந்து தேடுவார், முன்பதிவு செய்வார். இன்றைக்கு இது மிகச் சிறிய வேலையாகத் தெரியும். அன்று அதைக் ‘கோர்பா’ என்ற தரத்தின்படி செய்யப் போவதாகத் தலைப்பிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். ‘பொதுத்தர அடிப்படையிலான நூலகத் தேடல் முறை’ என்பது தலைப்பு. அதிலுள்ள முதற்சொல்தான் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது.

கோர்பாவை இன்றைய மாணவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1989-இல் கணினி நிறுவனங்கள் சில ஒன்றுகூடி ஆப்ஜெக்ட் மேனேஜ்மெண்ட் குரூப் என்ற அமைப்பைத் தொடங்கின. அந்த அமைப்பு 1991-இல் வெளியிட்ட தரமே கோர்பா. ஒரு கணினியில் இருக்கும் நிரற்பொருளை, இன்னொரு கணினியில் ஓடும் நிரல் தன் பக்கத்தில் இருப்பதைப் போலவே அழைத்து வேலை வாங்கலாம் என்பது அதன் நோக்கம். இந்தப் பக்கம் சி++, அந்தப் பக்கம் ஜாவா என்றிருக்கலாம். இங்கே விண்டோஸ், அங்கே யூனிக்ஸ் என்றும் இருக்கலாம். இடையில் ஒரு தரகர் மென்பொருள் இருந்து, கேட்டதை எடுத்துச் சென்று பதிலைக் கொண்டுவரும். வீட்டுத் தரகரைப் போலத்தான். வீட்டுக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் குடியிருக்க வருபவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

தரகருக்கு ஓர் ஒப்பந்தப் பத்திரம் வேண்டும். என்னென்ன கேட்கலாம், என்ன பதில் வரும் என்பதை ஐடிஎல் எனப்படும் இடைமுக விளக்க மொழியில் எழுதிக் கொடுத்தால், தரகரோடு வரும் கருவி அதைப் படித்து, இரு பக்கத்துக்கும் தேவையான இணைப்பு நிரல்களைத் தானே எழுதித் தரும். என் பத்திரம் ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. நூலைத் தேடு, இரவலில் உள்ளதா என்று சொல், முன்பதிவு செய். இந்த மூன்று கட்டளைகள்தாம்.

தரகர் மென்பொருள்களைப் பல நிறுவனங்கள் விற்றன. எல்லாவற்றின் அட்டையிலும் கோர்பா என்றே போட்டிருக்கும். நான் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் மென்பொருளை 60 நாள் சோதனை உரிமத்தில் என் கணினியில் நிறுவியிருந்தேன். கையேடு அருமையாக இருந்தது. முதல் எடுத்துக்காட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் அரை மணி நேரத்தில் கிளையண்ட் சர்வரோடு பேசிவிடும். அந்த எடுத்துக்காட்டை வைத்தே முழு நிரலையும் வளர்த்தேன்.

இயக்கிக் காட்டும் நாளுக்கு 9 நாள் இருக்கும்போது, உரிமக் காலம் முடிந்தது என்று ஒரே ஒரு வரியைத் திரையில் காட்டிவிட்டு நிரல் நின்றுவிட்டது. இடையில் வந்த விடுமுறை நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மென்பொருள் சேர்த்துக்கொண்டது.

உள்ளூர் முகவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சோதனைக் காலத்தை நீட்டிக்க வழியில்லை. முழு உரிமம் வாங்கலாம். அவர்கள் குறிப்பிட்டிருந்த விலையில் என் நான்காண்டுக் கட்டணத்தையும் கட்டி முடித்திருக்கலாம். கூடவே இன்னொரு செய்தி. நான் பயன்படுத்தும் பதிப்பு ஒரு குறிப்பிட்ட சி++ தொகுப்பியின் குறிப்பிட்ட பதிப்போடு மட்டுமே வேலை செய்யும். தரகரின் புதிய பதிப்பு வேண்டுமானால் தொகுப்பியையும் மாற்ற வேண்டும். அந்தக் காலத்துச் சி++ தரகர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. ஒரு தொகுப்பிக்காக உருவாக்கிய நூலகக் கோப்புகள் மற்றொன்றில் ஒட்டமாட்டா. ‘ஆதரவு உண்டு’ என்று விற்பவர் சொன்னால், எந்த இயங்குதளத்துக்கு, எந்தத் தொகுப்பிக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

துறையின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணினியில் அதே மென்பொருளை என் பிறகு வேறொருவர் நிறுவியிருந்தார். அதன் உரிமம் இன்னும் 11 நாள் ஓடும். கிளையண்ட், சர்வர் இரண்டையும் அந்த ஒரே கணினியில் ஓட்டிக் காட்டிவிடலாமா என்று மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என் திட்ட அறிக்கையை எடுத்துத் தலைப்பின்மீது விரலை வைத்தார். "பொதுத்தரம் என்று எழுதியிருக்கிறாய். தரம் என்பது உண்மையானால் வேறொரு நிறுவனத்தின் தரகரில் உன் கிளையண்ட் ஓட வேண்டும். அதைக் காட்டு. காட்ட முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று எழுது. அதற்கும் மதிப்பெண் உண்டு" என்றார்.

அன்று மாலை முதுகலை படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் என் நிரலை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தங்கச்சி, இதுல ஐடிஎல் மட்டும்தான் உன்னுது. மத்ததெல்லாம் பாதி அவங்களுது. உன்னுதை எடுத்துக்கிட்டு வெளிய வா."

அவர் கைகாட்டியது ஆம்னிஆர்ப் என்ற இலவசத் தரகர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏடி அண்ட் டி ஆய்வுக்கூடம் உருவாக்கி, மூல நிரலோடு வெளியிட்டது. லினக்ஸிலும் ஓடும். மிச்சி ஹென்னிங், ஸ்டீவ் வினோஸ்கி ஆகிய இருவரும் சி++ கோர்பா நிரலாக்கம் பற்றி 1999-இல் எழுதிய, ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூலையும் அண்ணன் இரவல் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு நடந்ததில் கை வலித்தது.

முதலில் ஐடிஎல் கோப்பைப் புதிய கருவியிடம் கொடுத்தேன். ஓர் எழுத்துகூட மாற்றாமல் தேறியது. மகிழ்ச்சியில் தே தாரேக் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து கிளையண்ட் நிரலைத் தொகுத்தபோது பிழைகள் பக்கம் பக்கமாக வந்தன.

அவற்றை வகை பிரித்துப் பார்த்தால் காரணங்கள் இரண்டே. முதலாவது, கோப்புப் பெயர்கள். ஐடிஎல்லிலிருந்து உருவாகும் இணைப்பு நிரலில் என்ன இருக்க வேண்டும் என்று தரம் சொல்கிறது. அந்தக் கோப்புக்கு என்ன பெயர் என்று சொல்லவில்லை. பழைய கருவி கிளையண்டுக்கு ஒன்றும் சர்வருக்கு ஒன்றுமாக இரண்டு தலைப்புக் கோப்புகளை உருவாக்கும். புதியது ஒன்றே ஒன்றுதான் உருவாக்கும், அதுவும் வேறு பெயரில். இது எரிச்சல் தரும் வேலையே தவிரக் கடினமில்லை.

இரண்டாவதுதான் பெரியது. கிளையண்ட், சர்வரில் இருக்கும் பொருளை எப்படிக் கண்டுபிடிக்கும்? பழைய நிறுவனத்தின் கையேட்டில் அதற்கு ஒரே ஒரு வரி: ‘பைண்ட்’ என்ற கட்டளை. பொருளின் பெயரைச் சொன்னால் போதும், தரகர் தன் சொந்த முறையில் வலையமைப்பில் தேடிப் பிடித்துத் தந்துவிடும். கோர்பா தரத்தில் அப்படி ஒரு கட்டளையே இல்லை! கையேட்டின் முதல் எடுத்துக்காட்டிலேயே இருந்ததால் அதுதான் கோர்பா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வசதியான அந்த ஒற்றை வரியை என் நிரலில் 11 இடங்களில் போட்டிருந்தேன்.

சர்வர் பக்கம் இன்னும் மோசம். பொருள்களை உயிர்ப்பித்து அழைப்புகளை அவற்றிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடிப்படைப் பொருள் இணைப்பி என்று பெயர். தொடக்க காலத் தரம் அதை அரைகுறையாக விளக்கிவிட்டு விட்டுவிட்டது. இடைவெளியை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது. என் சர்வரை மாற்றுவதென்றால் புதிதாக எழுதுவது போலத்தான். 9 நாளில் முடியாது. ஆகவே கிளையண்டை மட்டும் வெளியே கொண்டுவருவது, சர்வரை ஆய்வுக்கூடக் கணினியில் பழைய தரகரிலேயே விட்டுவைப்பது என்று முடிவெடுத்தேன்.

இப்போது புதிய கேள்வி: ஒரு நிறுவனத்தின் தரகரில் பிறந்த கிளையண்ட், வேறொரு நிறுவனத்தின் தரகரில் இருக்கும் சர்வரோடு பேசுமா? பேச வேண்டும். அதற்காகவே கோர்பா 2.0 பதிப்பில் ஐஐஓபி என்ற பொது நெறிமுறை சேர்க்கப்பட்டது. கம்பி வழியே போகும் செய்தியின் ஒவ்வொரு பைட்டும் எப்படி இருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. 1991-இன் முதற்பதிப்பில் அது இல்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் தரகர் மற்றதோடு பேசாமல் இருந்தது. 1990-களின் நடுப்பகுதியில் அந்தக் குறை தீர்ந்தது.

பேசத் தொடங்க முகவரி வேண்டும். சர்வரில் இரண்டு வரி சேர்த்து, பொருளின் முகவரியை எழுத்துச் சரமாக மாற்றிக் கோப்பில் எழுதவைத்தேன். இது தரத்தில் உள்ள கட்டளை. ‘ஐஓஆர்’ என்று தொடங்கி, பதினறும எண்களாக ஏழெட்டு வரிக்கு நீளும் ஒரு சரம் கிடைத்தது. அதை டிஸ்கெட்டில் நகலெடுத்து, லினக்ஸ் கணினிக்குக் கொண்டுபோய்க் கிளையண்டிடம் படிக்கக் கொடுத்தேன். ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்று பிழை வந்தது.

அன்று இரவு முழுவதும் தேடினேன். காரணம் அந்தச் சரத்துக்குள்ளேயே இருந்தது. அதில் சர்வர் கணினியின் முகவரி எண்ணுக்குப் பதிலாக விண்டோஸ் பெயர் பதிந்திருந்தது. லினக்ஸ் கணினிக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. பெயரையும் எண்ணையும் லினக்ஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரே வரியாகச் சேர்த்துவிட்டு மறுபடியும் இயக்கினேன். நூற்பட்டியல் வந்தது. விடியற்காலை ஐந்து மணி. அறைத்தோழியை எழுப்பிக் காட்டினேன். அவள் திரையையும் என்னையும் பார்த்துவிட்டு, "இது முன்னாடியே வந்துச்சே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் சொன்னதும் சரிதான். பார்ப்பவருக்கு ஒன்றுமே மாறவில்லை.

திட்டப்பணி தேறியது. மாற்றியவற்றை எண்ணி அறிக்கையில் சேர்த்திருந்தேன். கிளையண்டின் சுமார் 900 வரிகளில் மாறியவை 30-க்கும் குறைவு. ஆனால் அவை ஒன்பது கோப்புகளில் சிதறிக் கிடந்தன. தரகரோடு பேசும் வரிகளை முதலிலேயே ஒரே கோப்பில் வைத்திருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும். மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார்.

அந்த ஒன்பது நாளில் நான் கண்டுகொண்ட உண்மை ஒன்றுண்டு. தரம் என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு வாக்குறுதிகள் இருக்கின்றன. ஒன்று, என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்குப் பேசலாம் என்பது. மற்றொன்று, வேண்டுமானால் தட்டுமுட்டுச் சாமான்களோடு உன் வீட்டுக்கே குடிவரலாம் என்பது. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கோர்பாவில் அவை ஒன்றாக வரவில்லை. 1991-இல் ஒப்பந்தப் பத்திரம் வந்தது. 1990-களின் நடுவில் பேச வழி வந்தது. சர்வரைக் குடிபெயர்க்க உதவும் புதிய பொருள் இணைப்பி 1998-இல் 2.2 பதிப்போடு வந்தது. கிளையண்ட் தன் முதல் முகவரியைப் பொதுவான முறையில் பெறும் வழி 2000-இல் 2.4 பதிப்போடுதான் வந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். அதுவரை நிறுவனங்கள் தத்தம் வழியில் நிரப்பிக்கொண்ட இடைவெளிகளில்தான் என் போன்றவர்கள் மாட்டிக்கொண்டோம்.

இதில் நிறுவனங்களை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. பொருளை விற்க வேண்டும். தரம் மௌனமாக இருந்த இடத்தில் ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்? பைண்ட் கட்டளை நல்ல எண்ணத்தில் பிறந்ததாகவே இருக்கலாம். ஆனால் தரத்தை எழுதும் மேசையில் போட்டியாளர்களே அமர்ந்திருக்கும்போது, ஒத்துவராததைச் சொல்லாமல் விட்டுவிடுவது எளிது. ஹென்னிங் 2006-இல் கோர்பாவின் எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இயக்கிப் பார்த்த மாதிரி நிரல் இல்லாமலேயே தாளில் தரங்களை நிறைவேற்றியதை அதில் அவர் கடுமையாகக் குறை கூறியிருந்தார். படித்தபோது என் 11 பைண்ட் வரிகள் நினைவுக்கு வந்தன.

இனி பாட்டிக்கு வருகிறேன்.

அதே 2001-இல் நான் இம்மலரின் குழுவிலும் இருந்தேன். கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டி, பால்மரக் காட்டு வேலைக்கு இடையிலும் தொட்டிலாட்டும்போதும் பாடிய பாடல்களை விடுமுறைகளில் அவர் அருகில் அமர்ந்து எழுதிக்கொண்டு, பிறகு கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். மொத்தம் 14 பாடல்கள். ஒரு சிறு விற்பனையாளரிடம் வாங்கிய தமிழ் எழுத்துரு மென்பொருளில் செய்த வேலை. விசைகள் பழக எளிதாக இருந்தன. அதுதான் நான் அதைத் தேர்ந்தெடுத்த ஒரே காரணம்.

மலருக்கான டிஸ்கெட்டுகளை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவில் இருந்த அச்சகத்துக்குப் போனோம். அச்சக உரிமையாளர் ஐயா திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது? டிஸ்கெட் திறக்குது, தமிழைக் காணோமே" என்றார். திரையில் டாலர் குறியும் பிறமொழி எழுத்துகளுமாக இருந்தது. கட்டுரைகள் மூன்று விதமான குறியேற்றங்களில் வந்திருந்தன. சிலர் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டச்சு செய்திருந்தார்கள். சிலர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த எழுத்துருவில். நான் என் சிறு விற்பனையாளரின் எழுத்துருவில்.

இன்றைய தம்பி தங்கைகளுக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன். கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். 65 என்றால் ஆங்கிலத்தின் முதல் எழுத்து என்று உலகமே ஒத்துக்கொண்டிருந்தது. ஆனால் ‘க’ என்ற எழுத்துக்கு எந்த எண் என்பதை ஒவ்வொரு எழுத்துரு தயாரிப்பாளரும் தாமே முடிவு செய்துகொண்டார்கள். இதைச் சீர்செய்யப் பலர் உழைத்தனர். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழிணைய மாநாடு நடந்தது. 1999-இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற குறியேற்றங்களை அறிவித்தது. இணையத் தமிழர்கள் கூடிப் பேசித் திஸ்கியை உருவாக்கினர். 2000-இல் சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பு பிறந்தது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலேயே தமிழிணைய மாநாடு நடந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே ஒருங்குறி இருந்தது. அதன் முதற்பதிப்பு 1991-இல், கோர்பா வந்த அதே ஆண்டில் வெளிவந்தது. தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் தாளில் இருந்த தரம் மேசைக்கு வந்து சேரவில்லை. விண்டோஸ் 2000-இல்தான் மைக்ரோசாஃப்ட் லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைத் தந்தது. அச்சகங்கள் நம்பியிருந்த பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் அதைச் சரிவரக் காட்ட மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. வேறுபாடு எண்ணில் மட்டுமில்லை, வரிசையிலும் இருந்தது. ‘கொ’ என்பதைத் திஸ்கி நாம் பார்க்கும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று மூன்றாகச் சேமிக்கும். ஒருங்குறி, ககரத்தை முதலில் வைத்து ஒகரக் குறியைப் பின்னால் வைக்கும். வெறும் அட்டவணையை வைத்து மாற்றினால் எழுத்துகள் இடம் பிசகிவிடும்.

அன்றைக்கு நேரமில்லை. அச்சகத்தின் கணினியிலேயே அமர்ந்து, அவர்களுடைய எழுத்துருவில் மூன்று பாடல்களை மட்டும் மறுபடி தட்டச்சு செய்தேன். மீதி 11 பாடல்களை அடுத்த மலரில் போடலாம் என்று விட்டுவிட்டோம். அடுத்த மலர் வரும்போது நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எழுதி வைத்த நோட்டுப்புத்தகம் வீடு மாறியதில் தொலைந்தது. பாட்டி 2006-இல் காலமானார்.

2019-இல் பழைய குறுவட்டு ஒன்றில் அந்தக் கோப்பைக் கண்டேன். திறந்தால் அதே டாலர் குறிகள். ஒரு பைட்டும் கெடவில்லை. ஆனால் எழுத்துரு என்னிடம் இல்லை. விற்பனையாளரும் எப்போதோ கடையை மூடியிருந்தார். கோப்பு இருந்தது, அதை எப்படிப் படிக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் அவரோடு போய்விட்டது. என் 60 நாள் உரிமம் தீர்ந்த அன்று இருந்த அதே நிலை. அன்றாவது ஐடிஎல் என் கையில் இருந்தது.

பிறகுதான் 2001 மலர் நினைவுக்கு வந்தது. கோப்பில் 14 பாடல்கள் உள்ளன. அவற்றில் மூன்று, மலரில் அச்சாகியிருக்கின்றன. அச்சில் உள்ள எழுத்தையும் கோப்பில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த எண் எந்த எழுத்து என்று தெரிந்துவிடுமே! நான்கு இரவுகள் அமர்ந்து அட்டவணை தயாரித்தேன். கொம்புகளின் வரிசையை மாற்ற ஒரு சிறு நிரல் எழுதினேன். 11 பாடல்களும் ஒவ்வொரு வரியாக எழுந்து வந்தன. அந்த மூன்று பாடல்களில் வராத எழுத்துகள் சில இருந்தன. பெரும்பாலானவற்றை இடம் பார்த்து ஊகித்துவிட்டேன். இரண்டு சொற்கள் மட்டும் பிடிபடவில்லை. அம்மாவிடம் அந்த வரிகளைப் படித்துக் காட்டினேன். அவர் யோசிக்கவேயில்லை, அந்த இரண்டு வரிகளையும் பாடினார். சொற்கள் கிடைத்தன. அவர் நிறுத்தாமல் பாட்டை முடித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனார்.

இப்போது அவை ஒருங்குறியில், எந்த நிறுவனத்தின் மென்பொருளாலும் திறக்கக்கூடிய வெற்று உரைக் கோப்பாக மூன்று இடங்களில் இருக்கின்றன. அதே வாரத்தில் என் பழைய ஐடிஎல் கோப்பையும் எடுத்து, இன்றைய ஆம்னிஆர்ப் பதிப்பிடம் கொடுத்துப் பார்த்தேன். அதைப் பெற்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2002-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் மூல நிரல் வெளியே இருந்ததால் வேறு கைகள் எடுத்து வளர்த்து வருகின்றன. ஐடிஎல் ஓர் எழுத்தும் மாறாமல் தேறியது. இன்னொரு பக்கம், 1998 முதல் ஜாவாவோடு சேர்ந்தே வந்த கோர்பாத் தரகர், 2018-இல் ஜாவா 11 வெளியானபோது நீக்கப்பட்டுவிட்டது. பெரிய நிறுவனம் கூடவே தருகிறது என்பதும் நிரந்தரமான ஆதரவில்லை.

கோர்பாவைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இன்று நீங்கள் மேகக் கணிமையில் திட்டப்பணி செய்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவுச் சேவையை ஒரு நிறுவனத்தின் நூலகக் கோப்பு வழியே அழைக்கிறீர்கள். மாணவர் சலுகையில் சில மாதங்கள் இலவசம். கையேட்டின் முதல் எடுத்துக்காட்டு ஐந்து நிமிடத்தில் ஓடிவிடும். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் மூன்று கேள்விகளை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். இதில் எது பொதுத்தரம், எது இந்த நிறுவனத்தின் சொந்தச் சரக்கு? அந்தச் சொந்தச் சரக்கைத் தொடும் வரிகள் என் நிரலில் ஒரே இடத்தில் இருக்கின்றனவா? நாளைக் காலை இந்தக் கதவு மூடினால் எதை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன்?

மூன்றாவது கேள்விக்கு மனத்துக்குள் பதில் சொல்லிப் பார்த்தால் போதாது. அவசரம் இல்லாத ஒரு நாளில் உண்மையாகவே ஒருமுறை வெளியேறிப் பாருங்கள். வேறொரு தரகரில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் தமிழ்க் கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். இயக்கிக் காட்ட 9 நாள் இருக்கும்போது அதைச் செய்ய நேர்ந்தவள் சொல்கிறேன்.

மலர்க்குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்விதழை அச்சிட்டு முடித்ததும், அச்சகக் கோப்போடு நிறுத்திவிடாமல், கட்டுரைகள் அனைத்தையும் வெற்று ஒருங்குறி உரையாகவும் சேமித்து வையுங்கள். தாளில் அச்சடிப்பதையும் விட்டுவிடாதீர்கள். 2001 மலரின் ஒரு பிரதி என் அலமாரியில் இருந்ததால்தான் பாட்டியின் பாடல்கள் திரும்பக் கிடைத்தன. மீதி 11 பாடல்களையும் இக்கட்டுரையோடு அனுப்பியிருக்கிறேன். இடம் இருந்தால் இம்முறை சேர்த்துக்கொள்ளுங்கள்.